பைண்டரைக் கேளுங்கள்: பழைய சிரிப்பு இதழ்களும் அவற்றில் வந்த படங்களும்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் பழைய விகடன் ஜோக் ஒன்றைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், பரண் உள்ள வீடு எல்லாவற்றிலும் ஒரு பைண்டு புத்தகம் இருக்கும் போலிருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க அதே பேச்சு. வழக்கம்போல் கேட்டவர் பெயர் இல்லை, ஊர் மட்டும்.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ‘கல்கி’, ‘ஆனந்த விகடன்’ தொடர்கதைகளை பைண்டு செய்த புத்தகங்கள் ஏழெட்டு கிடைத்தன. கதையைவிட ஓரத்திலும் பின்பக்கத்திலும் இருக்கிற ஜோக் படங்கள்தான் எனக்குப் பிடித்திருக்கின்றன. அவற்றை மட்டும் வெட்டி எடுத்து ஆல்பம் போடலாமா? – மன்னார்குடி வாசகி

கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள் அம்மா, அப்புறம் பேசுவோம்.

அந்தப் புத்தகங்கள் எப்படி உருவாயின என்று கடையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். வாரா வாரம் இதழ் வரும். வீட்டுப் பெரியவர்கள், அத்தை, பக்கத்து வீட்டு மாமி என்று ஒரு சுற்றுப் போய் வந்ததும், பின்னைக் கழற்றித் தொடர்கதைத் தாளை மட்டும் எடுத்து வைப்பார்கள். மிச்சம் பழைய பேப்பர் கடைக்கு. கதை முடிந்ததும் சணல் கயிறு போட்டுக் கட்டி எங்களிடம் கொண்டுவருவார்கள். “அட்டை வேண்டாம், விளம்பரம் வேண்டாம், கதை மட்டும் வரிசையாக வரட்டும்” என்பார்கள். தைத்து, காலிகோ துணி போட்டு, முதுகில் கதையின் பெயரை எழுதிக் கொடுப்போம்.

ஆனால் தாளுக்கு இரண்டு பக்கம் உண்டே! கதையின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் என்ன அச்சாகியிருந்ததோ அதுவும் கூடவே பிழைத்துக்கொண்டது. பாதிக் கட்டுரை, தலைவலித் தைல விளம்பரம், ஓவியர் கோபுலுவின் ஒரு ஜோக். யாரும் சேர்க்க நினைத்துச் சேர்த்ததல்ல. பக்கம் முழுக்க ஜோக்காக வந்த தாள்களோ கதையோடு ஒட்டாததால் பெரும்பாலும் பொட்டலமாகப் போய்விட்டன. நம் ஊரில் பழைய நகைச்சுவை இதழ் என்று இன்று கிடைப்பதில் பெரும்பங்கு இப்படித் தொடர்கதையின் முதுகில் ஏறி வந்ததுதான்.

நீங்கள் ஜோக்கை வெட்டினால் மறுபக்கத்துக் கதையில் ஓட்டை விழும். அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த ஜோக்குக்கு அக்கம்பக்கம் இல்லாமல் போய்விடும். எந்த ஆண்டு, எந்த விளம்பரத்துக்குக் கீழே வந்தது என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. செல்போனில் முழுப் பக்கமாகப் படம் எடுத்து, அந்தப் படங்களை வைத்து ஆல்பம் போடுங்கள். புத்தகம் புத்தகமாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. சில பக்கங்களில் படத்துக்குக் கீழே வசனத்தின் கடைசி வரி பாதி வெட்டுப்பட்டிருக்கும். தைத்த பிறகு மூன்று ஓரத்தையும் கட்டிங் மிஷினில் சமமாக்குவது வழக்கம். ஜோக் பெரும்பாலும் பக்கத்தின் அடியில் இருக்கும், கத்தி அங்கேயும் இறங்கும். படம் இருக்கும், சிரிப்பு போயிருக்கும். அதே இதழின் முழுப் பிரதி வேறெங்காவது கிடைத்தால் அந்த வரியைப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள்.

அட்டையும் இல்லை, தேதியும் இல்லை. உள்பக்கம் மட்டும் இருக்கிற இதழின் ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? – திருச்சி, கல்லூரி மாணவர்

இது எனக்குப் பிடித்த வேலை தம்பி. முதலில் காசைப் பார். விளம்பரத்தில் விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரல் 1-க்கு முந்தியது என்று ஊகிக்கலாம். அன்றுதான் ரூபாய்க்கு நூறு காசு என்ற கணக்கு வந்தது. ‘ந.பை.’, அதாவது நயா பைசா, என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். 1964 ஜூனில் ‘நயா’ போய் வெறும் பைசா ஆகிவிட்டது. மாறிய புதிதில் சில கடைக்காரர்கள் இரண்டு கணக்கையும் போட்டார்கள். அப்படி ஒரு விளம்பரம் அகப்பட்டால் 1957, 58 என்று நெருங்கிவிடலாம்.

அடுத்து முகவரி. ‘சென்னை-4’ என்று இருந்தால் ஒரு காலம், ‘சென்னை-600 004’ என்று இருந்தால் வேறு காலம். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று ஆனது 1969 ஜனவரியில்.

பிறகு எழுத்து. ணை, லை, ளை, னை இவற்றுக்கு முன்னால் தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்கிறதா? ணா, றா, னா சுழித்துக்கொண்டு ஒரே எழுத்தாக இருக்கிறதா? அப்படியானால் பழைய வடிவம். எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை போட்டது 1978-இல். ஆனால் அதை வைத்து ஒரே வருஷத்தில் கோடு கிழித்துவிடாதே. ஈய எழுத்தை மாற்றக் காசு வேண்டும், அதனால் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நிதானமாகத்தான் மாறின. பெரியாரின் இதழ்களோ 1935-லேயே மாறிவிட்டன.

சினிமா விளம்பரம் இருந்தால் அதிர்ஷ்டம். ‘சந்திரலேகா’ 1948, ‘ஔவையார்’ 1953, ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ 1958. மூன்றும் ஜெமினி படங்கள். விகடன் ஆசிரியர் வாசனே ஜெமினிக்கும் முதலாளி.

தொடர்கதையை வைத்தும் பிடிக்கலாம், ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பைண்டில் ‘பொன்னியின் செல்வன்’ இருந்தால் உடனே 1950–54 என்று எழுதிவிடுவார்கள். ‘கல்கி’ அதைப் பிற்பாடும் பலமுறை மறுபடி தொடராகப் போட்டது. ஓவியர் கையெழுத்தைப் பார்க்க வேண்டும். மணியம் என்றால் முதல் தடவை. வினு, பத்மவாசன் என்று இருந்தால் பிந்தைய சுற்று. கூடவே இருக்கும் ஜோக்கின் காலமும் அப்படியே இருபது, முப்பது வருஷம் தள்ளிப்போகும்.

கடைசியாக ஜோக்கையே கேட்டுப் பார். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கிற ஜோக் என்றால் பெரும்பாலும் யுத்த காலத்திலிருந்து 1952 வரை. அந்த வருஷம்தான் ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தார். ‘பெர்மிட்’ வைத்துக் குடிக்கிறவர் ஜோக் என்றால் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் வந்த 1948-க்குப் பின், அது தளர்ந்த 1971-க்கு முன் என்று தேடத் தொடங்கலாம். கிலோவா, வீசையா என்று மளிகைக் கடையில் குழம்புகிற ஜோக் ஐம்பதுகளின் கடைசி. எதுவும் தனியாகச் சாட்சி ஆகாது, இரண்டு மூன்று ஒத்துப்போனால் பென்சிலால் ஆண்டை எழுது.

நாற்பதுகளின் தீபாவளி மலர் ஒன்றுக்குக் கடைக்காரர் யானை விலை சொல்கிறார். கொடுக்கலாமா? – மதுரை

பார்க்க அழகாக இருக்கும், ஆசை வரும். ஆனால் மலரைத்தான் எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள். கனமான அட்டை, வழவழப்பான தாளில் வண்ணப் படம், தூக்கிப்போட மனசு வராது. சாதாரண வார இதழ், அதுவும் ஆடி மாதத்தில் விசேஷமே இல்லாமல் வந்த ஒரு மெலிந்த இதழ், அட்டையோடும் பின்னோடும் முழுசாகக் கிடைப்பதுதான் அபூர்வம். என் கையில் பணம் இருந்தால் மலருக்குக் கேட்கிற விலைக்கு அப்படிப்பட்ட வார இதழ்களாக வாங்கிக்கொள்வேன். மலர்தான் வேண்டும் என்றால், வாங்குமுன் வண்ணத் தாள்களை எண்ணிப் பாருங்கள். அவற்றைப் பிரித்துச் சட்டம் போட்டு விற்கிற பழக்கம் உண்டு.

கடைகளைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். சென்னையில் மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்ததோடு ஒரு யுகம் போயிற்று. அங்கிருந்தவர்கள் அல்லிக்குளம் பக்கம் போனார்கள். திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் இன்னும் தேடலாம். ஆனால் என் அனுபவத்தில் நல்ல சரக்கு புத்தகக் கடைக்கு வருவதற்கு முந்தின படியில், எடைக்கு வாங்குகிற பழைய பேப்பர் கடையில்தான் அகப்படும். உங்கள் தெருக் கடைக்காரரிடம் முகம் பழகி வையுங்கள்.

என்னிடம் இருக்கும் கோட்டுப் படம் ஒன்றில் ‘மாலி’ என்று கையெழுத்து. இது புல்லாங்குழல் மாலியா? அவர் படமும் வரைவாரா? – ஈரோடு

டி.ஆர்.மகாலிங்கம் என்ற பெயரில் மூன்று பேர். ஒருவர் குழல் வாசித்தார், அவர் மாலி. ஒருவர் பாடி நடித்தார். ஒருவர் விகடனில் வரைந்தார், அவரும் மாலி. நீங்கள் வைத்திருக்கும் கோட்டுப் படம் மூன்றாமவருடையது. அவர் சங்கீத வித்வான்களை வரைந்தபோது குழப்பம் இன்னும் கூடிப்போனது.

கோபுலு கையால் வரைந்த மூலப் படம் என்று ஒருவர் விற்க வருகிறார். அச்சா, மூலமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – கோயம்புத்தூர்

முதலில் அளவு. பத்திரிகைக்கு வரைகிறவர்கள் அச்சில் வருவதைவிடப் பெரிதாக வரைவார்கள். பிளாக் என்கிற அச்சுக் கட்டை செய்யும்போது சுருக்கினால் கோட்டின் நடுக்கம் மறைந்து படம் கூர்மையாகும். ஆகவே இதழில் இருக்கிற அதே அளவில் ‘மூலம்’ வந்தால் சந்தேகப்படுங்கள். நிஜ மூலத்தில் அழித்த பென்சில் கோட்டின் மிச்சம் தெரியும், தவறிய இடத்தில் வெள்ளை பெயின்ட் பூசியிருக்கும், ஓரத்தில் எத்தனை அங்குலத்துக்குச் சுருக்க வேண்டும் என்று குறிப்பு இருக்கும். அந்த அழுக்குதான் சான்றிதழ்.

அச்சு என்றால் லென்ஸில் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் காலத்து ஜோக் படத்துக்கு லைன் பிளாக். படத்தைப் புகைப்படம் எடுத்து, துத்தநாகத் தகட்டில் இறக்கி, நைட்ரிக் ஆசிட்டில் அரித்து, மரக்கட்டையில் ஆணி அடித்து எழுத்தோடு சேர்த்துப் பூட்டுவார்கள். தாளில் அது அழுந்தும்போது கோட்டின் இரு ஓரத்திலும் மை பிதுங்கி நிற்கும், பின்பக்கம் விரலை ஓட்டினால் தழும்பு தெரியும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் ஹாஃப்டோன் பிளாக் அல்லது பிந்தைய ஆப்செட். தூரிகைக் கோட்டில் புள்ளி வராது.

கோபுலு (1924–2015) விஷயத்தில் இன்னொரு சிக்கல். தஞ்சாவூரில் பிறந்து, எங்கள் ஊரான கும்பகோணத்து ஓவியப் பள்ளியில் படித்தவர், அதனால் எனக்கு அவர் மேல் தனிப் பாசம். வயதான காலத்தில் பக்கவாதத்தால் வலது கை முடங்கியபோது இடது கையால் வரையப் பழகினார். ஆகவே கோடு சற்று மாறியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். எந்தக் காலத்துப் படம் என்று சொல்லி விற்கிறார் என்று கேளுங்கள். ஐம்பதுகளின் விகடன் படம் என்று சொன்னால், அந்த இதழையே தேடிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடலாம். அச்சில் வந்த படத்துக்கு அந்த வசதி உண்டு.

வசனமே இல்லாமல் அவர் வரைந்த ஜோக்குகளைப் பார்த்திருக்கிறீர்களா? கல்யாணப் பந்தி, திருவிழாக் கூட்டம், கச்சேரி மேடை என்று எதை எடுத்தாலும், கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஆசாமி மூலையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் சேர்ப்பதே அந்த மூலை ஆசாமிகளுக்காகத்தான்.

ஜோக்கே புரியாத, சிரிப்பே வராத பழைய படத்தை எதற்காகச் சேர்க்க வேண்டும்? – வேலூர்

அன்றைக்கு எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று தெரிந்துகொள்ள. நாம் சிரிக்க வாட்ஸ்ஆப் இருக்கிறது.

1987-இல் ஆசிரியரைச் சிறைக்கு அனுப்பிய விகடன் அட்டை ஜோக் என்று கேள்விப்பட்டேன். அந்த இதழ் கிடைக்குமா? – தர்மபுரி

29.3.1987 தேதியிட்ட ஆனந்த விகடன். அட்டையில் ஒரு பொதுக்கூட்ட மேடை. மேடையில் இருக்கிற இருவரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, ஜேப்படித் திருடன் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருப்பவர் மந்திரி என்று மற்றவர் பதில் சொல்கிறார். வாசகர் ஒருவர் எழுதி அனுப்பிய ஜோக்தான். சட்டமன்றத்துக்குக் கோபம் வந்தது. சபாநாயகர் பி.எச்.பாண்டியன் மன்னிப்புக் கேட்கச் சொன்னார், ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் மறுத்தார். ஏப்ரல் 4-ஆம் தேதி மூன்று மாதக் கடுங்காவல் என்று தீர்ப்பாகி உள்ளே போனார். நாடு முழுவதும் பத்திரிகைகள் கூச்சல் போட, சில நாளில் விடுதலை. அவர் அத்தோடு விடவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார். 1994-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனை செல்லாது என்று சொல்லி ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அந்த ஆயிரத்தை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார் என்பார்கள்.

இதழ் கிடைக்கும், எண்பதுகளின் விகடன் லட்சக்கணக்கில் வீடுகளுக்குப் போனது. ஆனால் கதை தெரிந்த விற்பனையாளர் விலையை ஏற்றிவிடுவார். தேதி மட்டும் சொல்லி, ஜோக்கைப் பற்றி வாய் திறக்காமல் கேட்டுப் பாருங்கள். அகப்பட்டால் அந்த ஏப்ரல், மே இதழ்களையும் சேர்த்து வாங்குங்கள். அட்டை ஒன்றை மட்டும் வைத்திருப்பவர் பலர், பின்னால் நடந்ததை வாரம் வாரமாக வைத்திருப்பவர் குறைவு.

அந்த ஜோக்கைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டால், நடுத்தரமான ஜோக். கோபப்பட்டவர்கள்தான் அதைப் பெரிய ஜோக் ஆக்கினார்கள்.

எங்கட வீட்டில ‘சிரித்திரன்’ கட்டுக்கட்டாய் இருந்தது. 1995 இடப்பெயர்வோட எல்லாம் போட்டுது. இப்ப எங்கயாவது எடுக்கலாமோ? – ஸ்காபரோ, கனடா

ஐயா, தாளாகக் கிடைப்பது கடினம், பார்க்கக் கிடைக்கும். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவமாக்கும் நூலகம் நிறுவனம் ‘சிரித்திரன்’ இதழ்களைத் தன் இணையத் தளத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. காசு இல்லை. முதலில் அதில் எவை இருக்கின்றன, எவை விடுபட்டிருக்கின்றன என்று பட்டியல் எடுங்கள். பிறகு விடுபட்டவற்றை மட்டும் உங்கள் பக்கத்து ஆட்களிடம் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் இல்லாத இதழ் டொராண்டோவிலோ லண்டனிலோ யாருடைய நிலவறையிலாவது இருக்க வாய்ப்பு அதிகம். கப்பலில் சாமான் அனுப்பியவர்கள் பாத்திரத்துக்கு இடையில் திணித்த தாளைக்கூட விடாதீர்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ‘சிரித்திரன்’ யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்காரரான சிவஞானசுந்தரம் நடத்திய சிரிப்பு இதழ். பம்பாயில் படிக்கப் போய் அங்கே கார்ட்டூன் பழகித் திரும்பியவர். அறுபதுகளில் கொழும்பில் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார். செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம் என்பது இதழின் வாசகம். சவாரித் தம்பர், சின்னக்குட்டி, மிஸிஸ் டாமோடிரன் என்று அவர் வரைந்தவர்கள் எல்லோரும் அந்த ஊர்த் தெருவில் நடந்து போகிறவர்கள். வேட்டி கட்டுகிற விதம், சால்வை போடுகிற விதம்கூட நம் விகடன் ஆட்களிலிருந்து வேறு. ‘மகுடி’ என்ற பெயரில் அவர் எழுதிய கேள்வி பதிலைப் படித்த பிறகு நான் இந்தப் பகுதியை எழுத உட்கார்வதற்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஒற்றை வரியில் முடித்துவிடுவார். நான் பாருங்கள், எத்தனை வரி!

1981-இல் யாழ் நூலகம் எரிந்தபோது போன நூல்களும் சுவடிகளும் 97,000 என்று கணக்குச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகும் அந்த ஊரில் ஒரு சிரிப்புப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது.

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. தாள் பழுப்பாகிறது, பூச்சி வேறு. பாதுகாக்க என்ன செய்வது? – பெசன்ட் நகர், சென்னை

இரண்டும் வேறு வியாதி. பழுப்பு தாளுக்குள்ளேயே இருக்கிறது. மரத்தை அப்படியே அரைத்துச் செய்த மட்டத் தாளில் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடும், வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுத்து அமிலம் கக்கும். நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். வெயில் படாத இடம், வெளிச்சம் வராத பெட்டி, சுவரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிய இரும்பு அலமாரி. கண்ணாடி பீரோவில் அழகுக்கு அடுக்காதீர்கள்.

பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து வையுங்கள், மாதம் ஒருமுறையாவது புரட்டுங்கள். ராமபாணப் பூச்சி புரட்டாத புத்தகத்தைத்தான் துளைக்கும். நாங்கள் மாவுப் பசையில் மயில்துத்தம் கலப்போம், பூச்சி அண்டாது. ஆனால் தாமிரச் சத்து நாளடைவில் தாளையே கெடுக்கும் என்று நூலகத்தார் அதை இப்போது விரும்புவதில்லை, புதிதாக பைண்டு செய்யக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தை, மாசியில் காற்று உலர்ந்திருக்கும்போது மின்விசிறிக்கு அடியில் விரித்து வைத்தால் போதும், வெயிலில் காயவைக்க வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் போட்டால் வாயை ஒட்டாதீர்கள், உள்ளே ஈரம் வியர்க்கும்.

துருப்பிடித்த பின்னை இழுக்கக் கூடாது. நடுப்பக்கத்தைத் திறந்து, கால்களை மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்தி, வெளிப்பக்கமாக எடுங்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டியவர்களை எனக்குப் பிடிக்காது. பத்து வருஷத்தில் டேப் உதிர்ந்து விழும், அதன் பசை மட்டும் தேன் நிறத்தில் தங்கிவிடும். மெல்லிய டிஷ்யூ தாளும் நீர்க்கக் காய்ச்சிய ஸ்டார்ச் பசையும் போதும். லாமினேஷன் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள்.

மலர்களின் வழவழத் தாள் மட்டும் நனைந்துவிட்டால் காயும்வரை காத்திருக்காதீர்கள். அதன் மேல் பூச்சு பசையாகிப் பக்கங்கள் பலகைபோல் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. ஈரம் இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் தாள் செருகிவிட வேண்டும். 2015 வெள்ளத்தில் சென்னைக்காரர்கள் பலருக்கு இது பாடமாயிற்று.

அமெரிக்க ‘மேட்’ பத்திரிகை சில வைத்திருக்கிறேன். கடைசி அட்டையின் உள்பக்கத்தில் மடித்துப் பார்க்கிற படம் இருக்கிறது. சிறு வயதில் எல்லாவற்றையும் மடித்துவிட்டேன். மதிப்பு போய்விட்டதா? – பெங்களூரு

விற்கப் போனால் மடிக்காத பிரதிக்குத்தான் நல்ல விலை. ஓவியர் அல் ஜாஃபி 1964-இல் தொடங்கிய சங்கதி அது. மற்ற பத்திரிகைகள் வண்ண வண்ணமாக விரிகிற பக்கம் போட்டபோது, நாம் கறுப்பு வெள்ளையில் மடிகிற பக்கம் போடுவோம் என்று கேலிக்கு ஆரம்பித்தது, அரை நூற்றாண்டைத் தாண்டி ஓடிற்று. ஜாஃபி 2023-இல் 102 வயதில் இறந்தார். மடிப்பதற்கென்றே வரைந்த படத்தை மடிக்காமல் வைத்திருப்பவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே மடித்த கோட்டிலேயே மேலும் மடிக்காதீர்கள், அந்த இடத்தில்தான் தாள் முதலில் விடும்.

பழைய இதழ்களில் மனைவி பூரிக்கட்டையால் அடிப்பது, மாமியார் கொடுமை, வேலைக்காரியைக் கிண்டல் செய்வது என்றே ஜோக்குகள். இதை ஏன் பொக்கிஷம் என்கிறீர்கள்? – திருநெல்வேலி வாசகி

நான் பொக்கிஷம் என்று சொல்லவில்லை, ஆனாலும் கேள்வி நியாயமானது. நாற்பது, ஐம்பதுகளின் ஜோக்குகளை வரிசையாகப் பார்த்தால் ஒரே கூடத்தில் ஒரே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உலகத்தைப் பார்ப்பது தெரியும். பேச்சுமொழி பெரும்பாலும் ஒரு சாதி வீட்டுப் பேச்சு. வேலைக்காரர், பிச்சைக்காரர், பட்டிக்காட்டு ஆசாமி எல்லோரும் அந்தக் கூடத்துக்கு வந்துபோகிறவர்கள். அவர்கள் வீட்டுக்குள் படம் போகவே இல்லை. மனைவிக்கு இரண்டே வேலை, புடவை கேட்பது, அடிப்பது. வரைந்தவர்களின் கை அபாரம், பார்வை குறுகல். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதற்காகக் கிழித்துப் போடவும் மாட்டேன். அதே இதழில் வரதட்சிணை வாங்கும் சம்பந்தியை, மாமூல் வாங்கும் போலீஸ்காரரை, மனுப்போடவே மனுக் கேட்கும் குமாஸ்தாவைக் குத்திய படங்களும் உண்டு. யாரைப் பார்த்துத் துணிந்து சிரித்தார்கள், யாரைப் பார்த்துச் சுலபமாகச் சிரித்தார்கள் என்று பிரித்துப் பார்க்க இரண்டு வகையும் கையில் வேண்டும். நல்லவற்றை மட்டும் பொறுக்கித் தொகுத்து வருகிற புத்தகங்களில் எனக்கு இருக்கிற குறையே இதுதான்.

பாரதியார் பத்திரிகையில் கார்ட்டூன் வந்ததாமே? – காரைக்கால்

வந்தது. 1906-இல் சென்னையில் தொடங்கி 1908-இல் உங்கள் பக்கத்துப் புதுச்சேரிக்குப் போன ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில். தமிழில் அரசியல் கருத்துப்படத்தைத் தொடர்ந்து போட்டது அதுதான் முதல். படத்துக்கே என்று ‘சித்திராவளி’ என்றொரு பத்திரிகை கொண்டுவரவும் ஆசைப்பட்டார், நடக்கவில்லை. மூலப் பிரதியைச் சேர்க்கிற ஆசையை விட்டுவிடுங்கள். ஆ.இரா.வேங்கடாசலபதி அந்தப் படங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கியிருக்கிறார், அதை வாங்குங்கள்.

பழைய ஜோக்கை முகநூலில் போடலாமா? – சேலம்

சட்டப்படி ஓவியர் மறைந்து அறுபது ஆண்டுவரை உரிமை உண்டு, பத்திரிகைக்கும் தனியாக உரிமை இருக்கும். ஒன்றிரண்டை ரசித்துப் பகிர்கிறவர்கள் மேல் யாரும் பாய்வதில்லை. எனக்கு எரிச்சல் வேறு. ஓவியர் கையெழுத்து இருக்கிற மூலையை வெட்டிவிட்டு, அங்கே தங்கள் பக்கத்தின் பெயரை ஒட்டுகிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். இதழ், தேதி, வரைந்தவர் மூன்றும் இல்லாமல் போடாதீர்கள்.

எனக்கு எழுபத்தைந்து வயது. பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை. என் சேகரிப்பை யாரிடம் கொடுப்பது? – காரைக்குடி

உங்களுக்கு வெகு பக்கத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்த புத்தகமும் இதழும் நோட்டீசும்தான், சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிய பிறகு, 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. புதுக்கோட்டையில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. முதலில் எழுதிக் கேளுங்கள், மூட்டையோடு போய் இறங்காதீர்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிற இதழாக இருந்தால் இடம் கொடுக்கத் தயங்குவார்கள்.

அதற்கு முன் ஒரு நோட்டு வாங்கி, இதழின் பெயர், தேதி, அட்டை உண்டா இல்லையா, எந்தப் பக்கம் குறைகிறது என்று ஒவ்வொன்றாக எழுதிவிடுங்கள். பைண்டு புத்தகமாக இருந்தால் கதையின் பெயரோடு நிறுத்தாமல், பின்பக்கங்களில் யார் யார் வரைந்த ஜோக்குகள் இருக்கின்றன என்றும் எழுதுங்கள். பிள்ளைகளில் யாராவது ஒருவரைக் கூட உட்காரவைத்து, நீங்கள் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும். நூலகத்தார் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.